காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம்: டெங்கு கேள்வி பதில்

ரங்கூனில் மழை பிடித்துவிட்டது, கேள்விகளும் குவிகின்றன. குழந்தைகள் வார்டில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

தாங்லின் தாய்: அக்கா, மகளுக்கு ஏழு வயது. டெங்கு என்றார்கள். நாலு நாள் காய்ச்சல் இன்று விட்டது. பள்ளிக்கு அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள் தங்கச்சி. காய்ச்சல் விடுகிற நேரம்தான் பயப்பட வேண்டியது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது பெரும்பாலும் அப்போதுதான். அடுத்த 24 முதல் 48 மணி நேரம் பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. விடாத வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது, பிள்ளை துவண்டு கிடப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஒரு பையனுக்குக் காலையில் காய்ச்சல் விட்டதும் அப்பா சந்தோஷமாக மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) வாங்கிக் கொடுத்திருக்கிறார். சாயங்காலம் தூக்கி வந்தபோது கை ஐஸ் மாதிரி இருந்தது, நாடி என் விரலுக்குச் சிக்கவில்லை. சலைன் ஏற்றி மீட்டோம்.

காய்ச்சல் சீக்கிரம் இறங்க இபுப்ரோஃபென்?

கூடாது. ஆஸ்பிரினும் கூடாது. ரத்தக்கசிவைக் கூட்டும். பாராசிட்டமால்தான், அதுவும் எடைக்கேற்ற அளவில்.

பர்மிய மொழியில் துவேலுன் தொக்குவே என்கிறார்களே, அது வேறா?

அதுவேதான். ரங்கூனில் 1970இலேயே பெரிதாகப் பரவியது.

பெகு தம்பி: பப்பாளி இலைச் சாறு குடித்து என் அண்ணனுக்கு ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) 40 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சம் ஆனது!

அண்ணன் பிழைத்ததில் சந்தோஷம். ஆனால் நோய் தணிந்தால் தட்டணு தானாகவே ஏறும். சாறு குடிக்காத பிள்ளைகளுக்கும் ஏறியதை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தட்டணுக் குறைவு அல்ல, நீர்க் கசிவு.

அதே தம்பி: பாட்டி வைத்தியம் பொய்யா?

பாட்டியை நான் ஒன்றும் சொல்லவில்லையே! குடியுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் குடியுங்கள்.

இன்னொருவர்: சாறு எத்தனை வேளை?

சரி, பப்பாளி இத்தோடு முடிந்தது.

போன வருடம் வந்துவிட்டது. இனி வராதுதானே?

வைரஸ் நாலு வகை. வந்த வகை மட்டும்தான் திரும்ப வராது. இரண்டாவது முறை வேறு வகை வந்தால் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல், முதலில் உண்டான எதிர்ப்புப் பொருளே அதற்குத் துணை போவதுண்டு.

தெருவில் சாக்கடையே இல்லை. கொசு எங்கிருந்து வருகிறது?

வீட்டுக்குள்ளிருந்து! இது நல்ல தண்ணீர்க் கொசு. பீப்பாய், பழைய டயர், பக்கத்து வீட்டுப் புத்தர் மாடத்துப் பூ ஜாடி, நம் வீட்டு மணி பிளாண்ட் பாட்டில், எதிலும் வளரும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வாரம் ஒருமுறை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

ராத்திரி வலை கட்டுகிறோம், போதாதா?

இது பகலில் கடிப்பது. பிள்ளையின் மத்தியானத் தூக்கத்துக்கும் கட்டுங்கள்.

மலேரியா மாத்திரை போடலாமா?

ரத்தம் பார்க்காமல் வேண்டாம்.

மோல்மேனிலிருந்து: டெங்கு வந்த மகனுக்கு நேற்றே காய்ச்சல் விட்டது. விளையாடப் போகலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். அதற்கு முன் அவன் கையைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கிறதா?