ஃபைபர் பாடி காருக்கு வீட்டிலேயே பெயிண்ட்: கேட்டவற்றுக்குப் பதில்கள்

ஃபைபர் பாடி, அதாவது கண்ணாடி நாரும் ரெசினும் சேர்த்துச் செய்த பாடி உள்ள வண்டிகளுக்கு டிங்கரிங், பெயிண்ட் வேலை செய்து வருகிறேன். வீட்டிலேயே அடித்துப் பார்க்க நினைக்கிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், தகர பாடிக்குச் செய்கிற வேலையை அப்படியே ஃபைபரில் செய்வதால்தான் பாதிப் பெயிண்ட் கெடுகிறது.

கேள்வி: அண்ணா, அப்பாவின் பழைய சிபானி டால்ஃபின் வீட்டில் நிற்கிறது. மேலே மேலே பெயிண்ட் அடித்து இப்போது செதில் செதிலாக உரிகிறது. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கிற பெயிண்ட் ரிமூவரைத் தடவி வழித்துவிடலாமா?

வேண்டவே வேண்டாம் தம்பி. பெயிண்டைக் கரைக்கிற அந்த மருந்து கீழே ஃபைபரின் மேல்தோலாக இருக்கிற ஜெல்கோட்டையும், அதற்கடியில் இருக்கிற பாலியஸ்டர் ரெசினையும் சேர்த்து இளக்கிவிடும். உள்ளே ஊறினது முழுசாக வெளியே வராது, புதுப் பெயிண்ட் அடித்துச் சில மாதம் கழித்துக் கொப்புளமாகக் கிளம்பும். ஹீட் கன், மணல் பிளாஸ்டிங் இரண்டும் கூடாது.

உப்புத்தாள்தான் வழி. 120 நம்பரைக் கட்டையில் சுற்றித் தண்ணீர் இல்லாமல் தேயுங்கள், ஜெல்கோட் எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் 240க்கு மாறுங்கள். ஜெல்கோட்டின் கனமே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான், கண்ணாடி நார் தெரிந்துவிட்டால் அளவு தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம், அந்த இடத்தை எபாக்ஸி பிரைமரால் மூடியாக வேண்டும். அடியில் இருக்கிற பழைய பெயிண்ட் கெட்டியாகப் பிடித்திருந்தால் அதை விட்டுவிடுங்கள், உரிகிற இடத்தின் ஓரங்களைச் சரிவாக இழைத்தால் போதும். டால்ஃபின், இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டனை வைத்து 1982 முதல் பெங்களூரில் செய்த வண்டி, 848 சிசி எஞ்சின், பாடி முழுக்க ஃபைபர். பாடி பாகம் இப்போது சுலபத்தில் கிடைக்காது. மெதுவாகவே செய்யுங்கள், அந்த வண்டிக்கு அது தகும்.

கேள்வி: என் காரின் பம்பர் ஃபைபர்தான். இதே முறையில் அதற்கும் அடிக்கலாமா?

அனேகமாக அது ஃபைபர் இல்லை. இன்றைய கம்பெனி பம்பர்கள் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் என்கிற பிளாஸ்டிக். கழற்றிப் பின்பக்கம் பாருங்கள், கண்ணாடி நார் சொரசொரவென்று தெரிந்தால் ஃபைபர், வழவழப்பாக இருந்து பிபி என்று அச்சு இருந்தால் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்குக்கு, பெயிண்ட் ஒட்டிப் பிடிக்க உதவுகிற அட்ஹீஷன் புரமோட்டர் முதலில் அடிக்க வேண்டும், கடைசியாக அடிக்கிற நிறமில்லாத கிளியரில் வளைகிற தன்மைக்கான சேர்மானமும் வேண்டியிருக்கும். ஃபைபருக்கு இரண்டும் தேவையில்லை.

கேள்வி: புதிதாக ஃபைபர் பானெட் வாங்கிப் பெயிண்ட் அடித்தேன். அங்கங்கே மீன் கண் மாதிரி வட்ட வட்டமாகப் பெயிண்ட் விலகி நிற்கிறது. பெயிண்ட் மோசமா சார்?

பெயிண்ட் மேல் தப்பு இல்லை. அச்சிலிருந்து பானெட் ஒட்டாமல் வர வேண்டும் என்று மெழுகும் பிவிஏ என்கிற திரவமும் தடவியிருப்பார்கள், அது மேலே அப்படியே இருக்கிறது. முதலில் வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவினால் பிவிஏ போய்விடும். காய்ந்ததும் மெழுகு நீக்கும் திரவத்தில் ஒரு துணியை நனைத்துத் துடையுங்கள், அது காய்வதற்குள் இன்னொரு சுத்தத் துணியால் ஒற்றி எடுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் உப்புத்தாளைக் கையில் எடுக்க வேண்டும். முன்னாடியே தேய்த்தால் மெழுகு கீறலுக்குள் போய் உட்கார்ந்துவிடும். டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ் எதையும் அந்த ஷெட்டில் வைக்காதீர்கள், அதில் இருக்கிற சிலிக்கானும் இதே வேலையைத்தான் செய்யும்.

இன்னொன்று, புது பானெட்டை உடனே அடிக்காதீர்கள். வண்டியில் மாட்டி இரண்டு மூன்று வாரம் வெயில் படட்டும். ரெசின் இறுகுவது அப்போதுதான் முழுமையாகும். மாட்டாமல் சுவரில் சாய்த்து வைத்தால் தொய்ந்து வடிவம் போய்விடும்.

கேள்வி: கதவுக்குக் கீழே நட்சத்திரம் மாதிரி விரிசல். பட்டி போட்டு அடித்தேன், மூன்றே மாதத்தில் அதே இடத்தில் அதே விரிசல் வந்துவிட்டது.

பட்டி விரிசலை மறைக்கும், நிறுத்தாது. அந்த இடம் ஏதோ காரணத்தால் அசைகிறது, அதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. பின்பக்கம் ஒரு போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியிருப்பார்கள், அல்லது கீல் லூசாக இருக்கும், அல்லது என்றைக்கோ உள்ளிருந்து ஏதாவது இடித்திருக்கும். சரிசெய்த பிறகு பின்பக்கத்தை 80 நம்பரில் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, மேட் என்கிற கண்ணாடி நார் விரிப்பை இரண்டு அடுக்காக ரெசினோடு வைத்து, பிரஷ்ஷால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றுங்கள். இறுகியதும் முன்பக்கம் விரிசல் கோட்டை வி வடிவத்தில் கீறித் திறக்க வேண்டும். கோடு கண்ணுக்குத் தெரியாமல் போகும் ஆழம் வரை போங்கள். அதில் நார் கலந்த பட்டி, அதன் மேல் மெல்லிய பட்டி. அப்புறம் அந்த இடத்தில் விரிசல் வராது.

ரெசின் கலக்கும்போது ஒரு எச்சரிக்கை, இதை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். நம் ஊர்க் கடைகளில் ரெசின், இறுகுவதை வேகப்படுத்துகிற கோபால்ட், இறுக வைக்கிற கேட்டலிஸ்ட் மூன்றையும் தனித்தனி பாட்டிலில் தருவார்கள். கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகு, 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம் கேட்டலிஸ்ட். நம் கோடைக்கு 1 கிராமே போதும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

கேள்வி: நான் நாகப்பட்டினத்தில் ஃபைபர் படகு வேலை பார்க்கிறேன். படகுக்கு வைத்திருக்கிற ஜெல்கோட்டையே கார் மேல் அடித்தால் என்ன அண்ணே?

படகில் ஜெல்கோட்டை அச்சுக்குள் அடிக்கிறீர்கள், அதன் முகம் அச்சோடு ஒட்டி இருப்பதால் காற்று படாது. கார் மேல் அடித்தால் முகம் காற்றைப் பார்க்கும், பிசுபிசுப்பு போகவே போகாது. மெழுகுக் கரைசல் சேர்த்தால் இறுகும், ஆனால் ஆரஞ்சுத் தோல் மாதிரி வரும், மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும். காருக்கு பிரைமரும் பெயிண்ட்டும்தான் சரி. உங்களுக்கு மேட் வைக்கிற கை இருக்கிறதே, அடிவேலையில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

கேள்வி: குண்டூசி ஓட்டை மாதிரி நிறைய இருக்கிறது. பிரைமர் கனமாக அடித்தால் மூடிவிடுமா?

மூடின மாதிரி தெரியும், காய்ந்ததும் திரும்ப வரும். மேலே சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே குமிழி பெரிதாக இருக்கும், வெயிலில் அதற்குள் இருக்கிற காற்று விரிந்து பெயிண்டைத் தள்ளும். பிளேடு முனையால் ஒவ்வொன்றையும் திறந்துவிட்டு, மெல்லிய பட்டியை அழுத்தி வழியுங்கள். பொறுமை வேண்டும், குறுக்கு வழி கிடையாது.

கேள்வி: பிரைமர் வரிசை, உப்புத்தாள் நம்பர் சொல்லுங்கள்.

எட்ச் பிரைமர் வாங்காதீர்கள், அது உலோகத்தை அரித்துப் பிடிக்கிற பொருள், ஃபைபரில் அதற்கு வேலையில்லை. முதலில் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் ஃபில்லர் பிரைமர் இரண்டு மூன்று கோட். காய்ந்ததும் கறுப்பு ஸ்ப்ரே கேனால் லேசாகத் தூவிவிட்டு நீளக் கட்டையில் 320, 400 என்று தேயுங்கள், கறுப்பு எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே பள்ளம். ஃபைபர் பாடி தகரம் மாதிரி சீராக இருக்காது, இந்த வேலையைத் தவிர்த்தால் பளபளப்பு வந்த பிறகு அலை அலையாகத் தெரியும். கடைசியாக 600 அல்லது 800 வாட்டர் பேப்பர். பட்டியும் நார் தெரிகிற இடமும் தண்ணீரை உறிஞ்சும், பிரைமர் மூடுவதற்கு முன் தண்ணீரைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

கேள்வி: நான் கார் ஷெட்டில் 2கே கிளியர் அடிக்கப் போகிறேன். மூக்கில் கர்ச்சீப் கட்டினால் போதுமா, கொரோனா சமயம் வாங்கிய என்95 இருக்கிறது.

போதாது, இரண்டுமே போதாது. என்95 தேய்க்கிற தூசிக்கு நல்லது, அதற்குக் கட்டாயம் போடுங்கள், முழுக்கைச் சட்டையும் போடுங்கள். 2கே என்றால் இறுக வைக்கிற ஹார்டனரைக் கலந்து அடிப்பது, அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்கிற ரசாயனம் இருக்கிறது. அது நுரையீரலுக்குள் போய் ஆஸ்துமாவை உண்டாக்கும், ஒரு தடவை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு ரொம்பக் கொஞ்சம் பட்டால்கூட மூச்சு முட்டும். ஆபத்தான அளவில் இருக்கும்போதும் வாசனையில் தெரியாது. வெளியிலிருந்து குழாயில் சுத்தக் காற்று வருகிற மாஸ்க்தான் இதற்கு முறையானது. நம் பட்டறைகளில் பலர் வெறும் முகத்தோடு அடிக்கிறார்கள், இளம் பையன்கள் இருமிக்கொண்டே வேலை பார்ப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அதனால் நான் சொல்வது இதுதான், தேய்ப்பது, பட்டி, மேட் எல்லாவற்றையும் வீட்டில் செய்யுங்கள். 2கே பிரைமரையும் கிளியரையும் பெயிண்ட் பூத் வைத்திருக்கிற பட்டறையில் அடிக்கக் கொடுங்கள். முழுக்க வீட்டிலேயே முடிக்க வேண்டுமானால் ஹார்டனர் இல்லாத என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடியுங்கள், கரி ஃபில்டர் மாஸ்க்கோடு, காற்றோட்டத்தோடு. உழைக்கிற காலம் குறைவு, ஆனால் பாலிஷ் போட்டால் பழைய வண்டிக்கு அழகாகவே இருக்கும். தின்னர் ஆவி தரையோடு தங்கும், விளக்கு, சுவிட்ச், பைக் எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

கேள்வி: 1 எச்பி கம்ப்ரசர் தாங்குமா?

காற்று நிறையக் கேட்கிற எச்விஎல்பி ஸ்ப்ரே கன்னுக்குத் தாங்காது, பாதி கதவில் காற்று இறங்கிவிடும். காற்று குறைவாகக் கேட்கிற எல்விஎல்பி கன் வாங்குங்கள், 1.3 நாசில், ஒரு சாண் தூரம், ஒவ்வொரு வீச்சும் முந்தினதில் பாதியை மூட வேண்டும். தண்ணீர் பிரிக்கிற ஃபில்டர் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

கேள்வி: சென்னையில் என்சி அடித்தால் வெள்ளையாகப் பூத்துப் போகிறது. தூசியும் வந்து ஒட்டுகிறது.

காற்றிலிருக்கிற ஈரம் அது. மழை நாளில் அடிக்காதீர்கள், தின்னரோடு, காய்வதைத் தாமதப்படுத்துகிற ரிடார்டர் கொஞ்சம் சேருங்கள். கோடை மதியமும் வேண்டாம், பெயிண்ட் வழியிலேயே காய்ந்து பொடியாக விழும். பனி ஈரம் போன பிறகு, வெயில் ஏறுவதற்குள் முடிப்பது நல்லது. தூசிக்குக் காரணம், காய்ந்த துணியால் துடைத்தால் ஃபைபரில் நிலைமின்சாரம் ஏறி எல்லாவற்றையும் இழுக்கும். அழுத்தாமல், தூசியை ஒட்டி எடுக்கிற பிசுபிசுப்பான டேக் துணியால் கடைசியாக ஒரு தடவை, தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடியுங்கள்.

கேள்வி: கறுப்பு அடிக்க ஆசை. சரியா?

நம் வெயிலில் கறுப்பு ரொம்பச் சூடாகும், அந்தச் சூட்டில் ரெசின் கொஞ்சம் இளகி அடியிலிருக்கிற மேட்டின் நார்க் கோலம் மேலே தெரிய ஆரம்பிக்கும். வெள்ளை, கிரீம், வெளிர் மஞ்சள் என்றால் பயமில்லை. ஆர்சியில் இருக்கிற நிறத்தை மாற்றினால் ஆர்டிஓவில் பதிய வேண்டும், இன்சூரன்ஸ்காரர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அடித்து முடித்தாகிவிட்டது. மெழுகு பாலிஷ் எப்போது?

என்சி என்றால் ஒரு மாதமாவது விடுங்கள், கரைப்பான் மெதுவாகத்தான் வெளியேறும். அதுவரை வெறும் தண்ணீரில் கழுவினால் போதும், பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி வைக்காதீர்கள், ஈரம் உள்ளே தங்கிக் கொப்புளம் வரும்.