எண்பது சென்ட் ரப்பரை விற்க வேண்டாம், அக்கா

போன வாரம் குலசேகரத்திலிருந்து ஒரு அம்மா மகளோடு வந்தார். பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு நீட் மாதிரித் தேர்வுகளில் மதிப்பெண் ஏறவில்லை. எண்பது சென்ட் ரப்பர் தோட்டத்தை விற்று வெளிநாட்டில் எம்பிபிஎஸ் சேர்க்கச் சொல்லி வளைகுடாவிலிருந்து மாமா தினமும் போன் செய்கிறாராம்.

ஆறுதல் சொல்லத்தான் ஆரம்பித்தேன். நடுவில் பிள்ளை கேட்டாள்: "சார், டிஎன்ஏ இரட்டிப்பாக பாலிமரேஸ் வேணும். அது ஒரு புரதம். அந்தப் புரதத்தைச் செய்யும் குறிப்போ டிஎன்ஏவில்தான் இருக்கு. அப்போ எது முதல்ல வந்தது?"

மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு இந்தக் கேள்வி வராது. பாக்டீரியாவில் புரதம் உருவாவதைத் தடுத்தால், தொடங்கிவிட்ட இரட்டிப்பு முடிந்துவிடும், அடுத்த சுற்று மட்டும் தொடங்காது, அதைத் தொடங்கப் புதுப் புரதம் வேண்டும் என்றேன். உடனே, "அதை எப்படி சார் கண்டுபிடிச்சாங்க?" என்றாள். அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் செய்யும் ரைபோசோமில், அந்தக் கோக்கும் வேலையைச் செய்வது புரதம் அல்ல, டிஎன்ஏ போலவே குறிப்பைச் சுமக்கக்கூடிய ஆர்என்ஏதான் என்றதும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்து 2009இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். அவர் எம்பிபிஎஸ் படித்தவர் அல்ல, இயற்பியல் படித்தவர்.

அக்கா, இவளுக்கான இடம் ஐசர், அறிவியல் படிப்புக்கும் ஆராய்ச்சிக்குமான மத்திய அரசு நிறுவனம். நாட்டில் ஏழு இருக்கின்றன. அதில் ஒன்று நமக்குப் பக்கத்து மாவட்டமான திருவனந்தபுரத்தில், விதுராவில். ஐந்து வருட பிஎஸ்-எம்எஸ் படிப்பு. ஐஏடி என்ற தனித் தேர்வு எழுத வேண்டும்: 60 கேள்வி, 240 மதிப்பெண். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கிலும் பதினைந்து பதினைந்து கேள்விகள். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும். மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை கிடைத்தால் வருடத்துக்கு 80,000 ரூபாய். பிறகு நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை பெற்று பிஎச்டி சேர்ந்தால் மாதம் 37,000. உடனே பெரிய சம்பளம் வரும் என்று நான் சொல்லமாட்டேன், இது நீண்ட பாதை. ஆனால் தோட்டம் உங்கள் கையில் இருக்கும்.

மாமா சொல்லும் வழியில் பணம் முழுக்க முதலிலேயே போய்விடும். திரும்பி வந்தபின் இங்கே தகுதித் தேர்வும் எழுத வேண்டும். பிள்ளை கேட்காத படிப்புக்குச் சொத்தை விற்க நான் சம்மதிக்கமாட்டேன். மாமாவிடம் நானே பேசுகிறேன், நம்பர் கொடுங்கள்.

சரி, பிள்ளை பியூர் சயின்ஸ் குரூப். கணக்கை விட்டு இரண்டு வருடமாகிறது. முதலில் அதற்கு ஒரு டியூஷன் பாருங்கள்.