சிற்றறையும் தேக்கு நாற்காலியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகனைப் பார்க்கச் சிகாகோ சென்றபோது, அங்குள்ள கலைக்கழகத்தில், பழங்கால அறைகளைச் சிறிதாக்கிச் செய்த மாதிரிகளான தோர்ன் சிற்றறைகளைக் கண்டேன். பிரெஞ்சு அரசர் பதினாறாம் லூயி காலத்து வரவேற்பறை முன் நெடுநேரம் நின்றேன். ஊர் திரும்பியதும் பழைய தேக்குச் சட்டத்தில் அங்கிருந்ததுபோல ஒரு சிறு நாற்காலி செதுக்கிப் பொன்வண்ணம் பூசினேன். இது கலைதானா? அல்லது ஒரு சீமாட்டியின் பொம்மை வீட்டைப் பார்த்து நானும் விளையாடுகிறேனா?

கே., கோவை

அன்புள்ள கே.,

கலையா இல்லையா என்பதை விட்டுவிடுங்கள். உளி பிடித்தவருக்கு அந்தக் கேள்வியால் பயனில்லை. ஆனால் ‘சீமாட்டியின் பொம்மை வீடு’ என்று நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. நார்சிஸ்ஸா தோர்ன் தேர்ந்த கைவினைஞர்களைக் கொண்டு 1932 முதல் 1940 வரை உருவாக்கிய 68 அறைகள் அங்கே உள்ளன. நெடுநேரம் நின்று பார்த்த நீங்கள், பார்க்காதவர்களின் சொல்லை ஏன் கடன் வாங்கினீர்கள்? 1780 வாக்கில், பதினாறாம் லூயியின் அரசி மேரி அந்துவானெத்தின் ‘பெத்தி திரியானோன்’ மாளிகைத் தோட்டத்து மண்டபத்துக்காக நாற்காலி செய்யும் முன், மெழுகில் சிறு மாதிரி ஒன்றைச் செய்தார்கள். அரசியின் நாற்காலியே முதலில் சிறியதாகத்தான் பிறந்தது.

நான் சில காலமாக யோசித்துவருவது வேறொன்று. அளவைச் சுருக்கலாம், பொருளைச் சுருக்க முடியாது. தோர்ன் அறைகளில் ஓர் அடி ஓர் அங்குலமாகிறது. 90 சென்டிமீட்டர் நாற்காலி ஏழரை சென்டிமீட்டராகிறது. ஆனால் தேக்கின் நரம்பு அதே தடிமனில்தான் இருக்கும், கண்ணுக்கு அது பன்னிரண்டு மடங்கு பருத்துத் தெரியும். வாசல் கதவுக்குத் தேக்கைப்போல் மரமில்லை. இந்த நாற்காலிக்கு அது ஆகாது. பட்டும் அப்படித்தான்: இழை மெலியாததால் திரைச்சீலை மடிந்து விழாமல் அட்டைபோல் விறைத்து நிற்கும். வண்ணமும் அப்படித்தான். பதினைந்தாம் லூயி காலத்து வளைவுகளில் சிறு பிழை ஒளிந்துகொள்ளும். எரிமலையில் புதைந்த ரோமானிய நகரான பொம்பெயியின் அகழாய்வுகளுக்குப் பின் ரோமானிய வடிவங்களை நாடிய அடுத்த தலைமுறையின், அதாவது உங்கள் பதினாறாம் லூயி காலத்தின், நேரான, கீழ்நோக்கிக் குறுகும் கால்களில் ஒளிய இடமில்லை. அக்கால்களின் அழகெல்லாம் நெடுக ஓடும் பள்ளக்கோடுகளில் இருக்கிறது. நாலைந்து மில்லிமீட்டர் காலில் அவை மயிரிழை அகலம்தான். தடித்த பொன்வண்ணம் அவற்றை நிரப்பிவிட்டால், எஞ்சுவது மஞ்சள் குச்சி. நீங்கள் அனுப்பிய படத்தில் அதுதான் நடந்திருக்கிறது. செதுக்கியதை நீங்களே மூடியதுதான் என் கோபம். ஏனெனில் வண்ணத்துக்கு அடியில் உள்ள செதுக்கல் மிக நன்றாக இருக்கிறது, அந்த முதுகுச் சாய்வைப் பொறுமையில்லாத கை செய்திருக்க முடியாது.

வண்ணத்தைச் சுரண்டி எடுங்கள். கால்களை மட்டும் பேரி மரம் போன்ற நுண்ணிழை மரத்தில் மீண்டும் செதுக்குங்கள். பொன் வேண்டுமென்றால் மெல்லிய தங்க ரேக்கு ஒட்டுங்கள். பள்ளம் பள்ளமாகவே இருக்கும். முடிந்ததும் படம் அனுப்புங்கள், இம்முறை பக்கவாட்டு வெளிச்சத்தில்.