"கறுப்பா ஒட்டச் சொன்னது அவர்தான், நோட்டீஸ் மட்டும் எனக்கா?"

கேள்வி: பாளையங்கோட்டையில் கார் சன் பிலிம், சீட் கவர் கடை வைத்திருக்கிறேன். தென்காசிக்காரர் ஒருவர் வந்து, "வெயில் தாங்கல அண்ணாச்சி, நல்லா கறுப்பா ஒட்டுங்க" என்றார். ஒட்டிக் கொடுத்தேன், பில் போடவில்லை. புளியரை பக்கம் போலீஸ் மறித்து அபராதம் போட்டு, பிலிமை எடுக்கச் சொல்லிவிட்டார்களாம். வேறொரு கடையில் பிளேடால் சுரண்டியதில் பின் கண்ணாடியின் டிபாகர் கோடுகள் (பனிப்படலத்தைச் சூடேற்றி நீக்கும் கம்பிக் கோடுகள்) அறுந்துவிட்டன. இப்போது பிலிம் காசு, புதுக் கண்ணாடி விலை, மன உளைச்சலுக்கு 50,000 ரூபாய் என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. கேட்டதைத்தானே செய்தேன்?

பதில்: "அவர் கேட்டார், நான் ஒட்டினேன்" என்ற பதில் நுகர்வோர் ஆணையத்தில் நிற்காது அண்ணாச்சி. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டிய விவரத்தை வேண்டுமென்றே சொல்லாமல் விடுவதையும் சேவைக் குறைபாடு என்கிறது. கறுப்பு பிலிம் ஒட்டினால் போலீஸ் பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பில் கொடுக்காதது தனிக் குற்றச்சாட்டு. அதே சட்டத்தில் அது முறையற்ற வணிக நடைமுறை.

மோட்டார் வாகன விதி 100இன்படி முன், பின் கண்ணாடி வழியே குறைந்தது 70 சதவீதமும், பக்கக் கண்ணாடி வழியே 50 சதவீதமும் வெளிச்சம் உள்ளே வர வேண்டும். 2012இல் உச்ச நீதிமன்றம், எந்த சதவீதமானாலும் பிலிம் ஒட்டவே கூடாது என்றது. 2021இல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தத்தை வைத்து, இந்த அளவுக்குள் இருந்தால் பிலிம் ஒட்டலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது. அந்தத் தீர்ப்பை நம் பக்கம் வாதமாக வைக்கலாம், ஆனால் அது நம்மைக் கட்டுப்படுத்தாது. நாம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எல்லையில் இருக்கிறோம். எப்படிப் பார்த்தாலும் நீங்கள் ஒட்டிய கறுப்புக்கு இரண்டு தீர்ப்பிலும் இடமில்லை.

இனிமேல் பிலிம் ரோலைப் பிரிப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "எதுக்காக ஒட்டணும், வெயிலுக்கா, மறைப்புக்கா?" உங்கள் தொழிலுக்கு இதைவிட முக்கியமான கேள்வி எனக்குத் தெரியவில்லை. வெயிலுக்கு என்றால், வெளிச்சத்தை உள்ளே விட்டு, வெப்பத்தை மட்டும் தடுக்கும், கிட்டத்தட்ட நிறமில்லாத பிலிம்கள் இருக்கின்றன. கறுப்பு அவருக்குத் தேவையே இல்லை. மறைப்புக்கு என்றால் முடியாது என்று அனுப்பிவிடுங்கள். எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. சட்டம் தடுத்ததைக் கையெழுத்து சரியாக்கிவிடாது.

அப்புறம் கணக்கு. பிலிம் டப்பாவில் 60 சதவீத வெளிச்சம் என்று போட்டிருப்பதைப் பார்த்து, 50க்கு மேலேதானே என்று பக்கக் கண்ணாடியில் ஒட்டுகிறார்கள். கண்ணாடியே முழு வெளிச்சத்தை விடுவதில்லை. கம்பெனிக் கண்ணாடி 75 சதவீதம் விட்டால், அதன் மேல் 60 பிலிம் ஒட்டினால் மொத்தம் 45தான். 70 பிலிம் ஒட்டினால் 52.5, பக்கக் கண்ணாடிக்குத் தப்பித்தீர்கள்; முன், பின் கண்ணாடிக்கு அதுவும் போதாது. ஆகவே வெளிச்சம் அளக்கும் மீட்டர் வைத்து முதலில் கண்ணாடியை அளந்து, பிலிம் ஒட்டிய பிறகும் அளந்து, இரண்டு எண்களையும் பில்லில் எழுதுங்கள்.

பழைய பிலிம் ஒட்டியிருக்கிறதா, கல்லடிபட்ட கீறல் உண்டா, பின் கண்ணாடியில் டிபாகர் வேலை செய்கிறதா என்று கேட்டு, அவர் முன்னாலேயே சுவிட்சைப் போட்டுப் பார்த்து, போட்டோ எடுங்கள். அந்தக் கோடுகள் கண்ணாடியின் உள்பக்கம் மெல்லிய பூச்சாக இருக்கின்றன. பிலிமை எடுக்கும்போது குறுக்கே பிளேடு போனால் போச்சு. பின்னாளில் பிலிமை எடுப்பதாக இருந்தால் சுரண்டக் கூடாது, சூடு காட்டித்தான் உரிக்க வேண்டும் என்று ஒட்டும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

வீட்டு ஜன்னலுக்கு விதி 100 கிடையாது. ஆனால் கம்பி வைத்த கண்ணாடியிலும் இரட்டைக் கண்ணாடியிலும் பொருந்தாத பிலிமை ஒட்டினால் வெயில் சூட்டில் விரிசல் விடலாம். என்ன கண்ணாடி என்று அங்கே கேளுங்கள்.

சரி, கையில் இருக்கும் நோட்டீஸ். பிலிம் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதுதான் நியாயம். அபராதம் முதல் முறை என்றால் 500 ரூபாய்தான், அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம். டிபாகர் கண்ணாடி விலையை மட்டும் உறுதியாக மறுக்கலாம். பிளேடு வைத்தது இன்னொரு கடை, அதற்கான ரசீதை அவர் காட்டட்டும். 50,000 ரூபாய்க்கும் ஆதாரம் கேளுங்கள். கார் டிராவல்ஸில் ஓடுகிறதா என்றும் விசாரியுங்கள். வணிகத்துக்கு ஓடுகிறது என்றால் அவர் நுகர்வோரே இல்லை என்று வாதாடலாம். சொந்தப் பிழைப்புக்காக அவரே ஓட்டினால் மட்டும் அந்த வாதம் எடுபடாது.

இதையெல்லாம் பதில் நோட்டீஸாக வக்கீல் மூலம் அனுப்பி, சமரசத்துக்கும் கூப்பிடுங்கள். அவர் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் போட்டு, அதன் நகலோடு உங்களுக்கு நோட்டீஸ் வந்துவிட்டால், பதில் தாக்கல் செய்ய 30 நாள்தான். ஆணையம் மனசு வைத்தால் இன்னும் 15 நாள். 45 நாள் தாண்டிய பதிலை வாங்கவே முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020இல் தீர்த்துவிட்டது.