வேண்டாம்மா என்றாளே, கேட்டீர்களா?

கேள்வி: இரண்டு வருடம் முன்பு என் கணவரின் அண்ணன் வீட்டுக் காதுகுத்து. கிடா விருந்தில் சாப்பிட்ட நாற்பது பேருக்கு மேல் வாந்தி, பேதி. என் மகளுக்கு அப்போது 13 வயது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறியது. வாடை அடிக்கிறது, வேண்டாம் என்றுதான் சொன்னாள். பெரியப்பா மனசு சங்கடப்படுமே என்று நான்தான் சாப்பிட வைத்தேன். மற்றவர்கள் எல்லாம் தேறி, மறந்தும் விட்டார்கள். இவள் மட்டும் இன்னும் வயிற்று வலி என்கிறாள். பரீட்சை என்றால் நாலு தடவை பாத்ரூம் ஓடுகிறாள். உயிராகச் சாப்பிட்ட தட்டுவடை செட்டைக்கூடத் தொடுவதில்லை. நான் சமைத்ததையே மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறாள். டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார், சொந்தக்காரர்கள் நடிப்பு என்கிறார்கள். ஆவணியில் அதே பெரியப்பா வீட்டுக் கல்யாணம். பந்தியில் நாலு பேர் மாதிரி சாப்பிட இவளை எப்படிப் பழக்குவது?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: நீங்கள் கேட்டது பந்தியைப் பற்றி. போகிற போக்கில் வேறொரு வரி எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் என்றாள், நான்தான் சாப்பிட வைத்தேன். அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

இலையில் கறி விழுகிறது. குனிந்து மோந்து பார்த்து, "ஒரு மாதிரி வாடை அடிக்குதும்மா" என்கிறாள். பக்கத்தில் நீங்கள். பேசாமல் சாப்பிடு என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லியிருப்பீர்கள். விழுங்கினாள், விழுந்தாள். அந்தப் பெண் இன்று உங்கள் சமையலை மோந்து பார்க்கிறாள் என்று என்னிடம் குறைப்படுகிறீர்களே!

கெட்டுப்போன சாப்பாடு எல்லாமே வாடை அடிக்காது. ஆக்கி இறக்கி மணிக்கணக்கில் வெளியே கிடந்த கறியில் கிருமி கக்கும் சில விஷங்கள் மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. மசாலா மட்டும் கமகமக்கும். ஆகவே அவள் மூக்கு எப்போதும் அவளைக் காப்பாற்றிவிடாது. தன் சொல்லை நம்பும் ஒரு ஆள்தான் அவளுக்கு வேண்டும். அந்த இடத்தில் இதுவரை நீங்கள் இல்லை.

1955-ல் ஜப்பானில் மொரினாகா கம்பெனியின் பால்பவுடரில் ஆர்செனிக் என்ற விஷம் கலந்து 12 ஆயிரத்துக்கும் அதிகமான குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். 130 பேர் இறந்தார்கள். அடுத்த வருடமே மருத்துவப் பரிசோதனை நடத்தி, அநேகமாக எல்லோரும் குணமாகிவிட்டார்கள் என்று கணக்கை முடித்தார்கள். இல்லையே என்று சொன்ன பெற்றோரை யாரும் நம்பவில்லை. 14 வருடம் கழித்து நர்சுகளும் ஆசிரியர்களும் வீடு வீடாகப் போய்ப் பார்த்த பிறகுதான், பாதிப்பு தொடர்வது ஊருக்குத் தெரிந்தது. அப்போது அந்தப் பிள்ளைகளுக்கு உங்கள் மகள் வயது. அந்தத் தாய்மார்களில் பலர், வேண்டாம் என்று அழுத குழந்தைக்கு நானே புகட்டினேனே என்று தங்களைத்தான் நொந்துகொண்டிருந்தார்கள்.

ஆர்செனிக் வேறு, கிடாக்கறி வேறு, தெரியும். ஆனால் குடலுக்கும் ஞாபகம் உண்டு. கனடாவில் வாக்கர்டன் என்ற சிற்றூரில் 2000-ல் குடிநீரில் மாட்டுச் சாணக் கிருமி கலந்து 2,300 பேர் படுத்தார்கள், 7 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களை ஆராய்ச்சியாளர்கள் வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அப்போது வயிற்றுப்போக்கு வந்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல், இரண்டு மூன்று வருடம் கழித்தும் வயிற்று வலியும் ஒழுங்கில்லாத வயிறுமாக இருந்தார்கள். ஐ.பி.எஸ். (IBS), அதாவது எரிச்சல் குடல் நோய் என்பார்கள் டாக்டர்கள். ஸ்கேனில் தெரியாது. பயமும் பதற்றமும் வந்தால் கூடும், பரீட்சை உட்பட. நடிப்பு என்று சொன்னவர்களைக் கூப்பிட்டு இதை வாசித்துக் காட்டுங்கள்.

எடை குறைகிறதா, மலத்தில் ரத்தம் வருகிறதா, நடு ராத்திரி தூக்கம் கலைந்து எழுந்து போகிறாளா என்று கவனியுங்கள். இதில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. இல்லாவிட்டாலும் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு நடை கூட்டிப் போய், இந்த இரண்டு வருடக் கதையை முழுசாகச் சொல்லுங்கள். வயிற்றுக்கு ஒரு டாக்டர், மனசுக்கு ஒரு டாக்டர், இரண்டு பேரும் வேண்டும். இரண்டாவதற்கு வெட்கப்பட்டால் முதலில் 14416-க்கு போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், அரசாங்கத்துடையது, காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

அதற்கு முன்னால் ஒன்று. இன்று ராத்திரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி, கேக்காதது என் தப்பு" என்று சொல்லுங்கள். சொல்லும்போது "ஆனா" என்று ஆரம்பிக்காதீர்கள். பெற்றவள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதா என்றால், ஆமாம், கேட்பதுதான். உங்கள் கணவரும் கூட இருக்கட்டும். அண்ணன் மனசுக்கு இத்தனை பார்த்த குடும்பம், மகள் வயிற்றுக்கும் பார்க்கட்டும்.

ஆவணிக் கல்யாணத்துக்கு வர இஷ்டமா என்று அவளையே கேளுங்கள். வருகிறேன் என்றால் வீட்டிலிருந்து எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போய், அவள் இலையில் நீங்களே போடுங்கள். "ஏன், எங்க வீட்டுச் சாப்பாடு ஆகாதா?" என்று யாராவது கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள். அவளை வாய் திறக்க விடாதீர்கள். "அன்னைக்கு இவ வேண்டாம்னு சொன்னா, நான்தான் கேக்கலை" என்று நீங்கள் சொல்லுங்கள், உங்கள் மச்சாண்டார் காதிலும் விழும்படி.