பரிசோதனைப் பறப்பைப் படம் எடுக்க 600 லென்ஸ் கட்டாயமா?

எயார்பஸ் விமானம் செய்யும் பிரான்ஸ் நகரமான துலூஸ் போகிறேன், புது விமானத்தின் பரிசோதனைப் பறப்பைப் படம் எடுக்க ஆசை, கையில் 70-300 மில்லிமீட்டர் லென்ஸ்தான் இருக்கிறது, இன்னும் தூரத்தை இழுத்துக் காட்டும் 600 வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கடன்பட்டாவது வாங்கிவிடும் யோசனையில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் மினக்கெட்டு எழுதுகிறேன்.

நான் திருகோணமலைக்காரன், கலியாண வீடுகளுக்குப் படம் எடுப்பவன். 2017 அக்டோபரில் துலூஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது எயார்பஸ் ஏ330நியோவின் முதல் பறப்பு வந்து வாய்த்தது. அக்டோபர் 19. முதல் நாள் இரவு நான் அத்தானிடம் கேட்டது ஒன்றுதான்: நாளைக்கு என்ன காற்று?

துலூஸ் ஓடுபாதைகளின் எண் 14, 32. பின்னால் ஒரு சைபர் போட்டால் திசைகாட்டிப் பாகை, 140, 320. அதாவது தென்கிழக்கும் வடமேற்கும். அந்த ஊரில் பலமாக அடிக்கும் காற்றும் ஏறக்குறைய அதே கோட்டில்தான். தென்கிழக்கில் இருந்து வருவதை 'ஓட்டான்' என்கிறார்கள். நம்முடைய திருகோணமலைச் சீனக்குடா விமானத் தள ஓடுபாதை 06, 24. வடகிழக்கு, தென்மேற்கு. வாடையும் கச்சானும்! விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், எதிர்த்துத்தான் இறங்கும். காற்றைப் பார்த்து வள்ளம் விடும் ஊரில் பிறந்தவருக்கு எங்கே நிற்பதென்று யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

நான் காற்று வரும் பக்கம், ஓடுபாதை முடிவுக்கு அப்பால், பொது வீதியோரமாக நின்றேன். பெரிய லென்ஸ்காரர்கள் சிலர் பின்பக்கம் நின்றதால் அவர்களுக்குக் கிடைத்தது வால் மட்டும். எனக்கு மூக்கு, இரண்டு ட்ரென்ட் 7000 எஞ்சின், வளைந்து நிமிர்ந்த இறக்கை எல்லாம் கிடைத்தன. அந்த விமானம் 64 மீட்டர் நீளம், இறக்கையும் அவ்வளவு அகலம். சாதாரண கிராப் சென்சர் (சின்ன சென்சர்) கமராவில் 200 மில்லிமீட்டர் வைத்தால் அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலேயே படச்சட்டம் நிரம்பிவிடும். 600 எதற்கு? தூரத்தில் நின்று எடுத்தால் நடுவில் இருக்கும் சூடான காற்றின் அலைவும் சேர்ந்துதான் படத்தில் விழும்.

இன்னொன்று. பரிசோதனை விமானங்கள் சிலவற்றின் வால் உச்சியில் இருந்து நீளமான குழாய் ஒன்று இழுபட்டு வரும், முனையில் சின்னக் கூம்பு. விமானம் கலக்காத காற்றின் அழுத்தத்தை அளக்க அது. பயணிகளை ஏற்றத் தொடங்கிய பிறகு அதைக் காண முடியாது. நெருக்கி எடுத்தால் அதுதான் வெட்டுப்படும். பின்னால் நிறைய இடம் விடுங்கள்.

600 வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். உயரத்தில் போவதை எடுக்க அது வேண்டும், பறவை எடுக்கவும் வேண்டும், நான் மறுக்கவில்லை.

சீனக்குடாவில் பழகலாமா என்று கேட்பீர்கள். அது விமானப்படைத் தளம், அனுமதி இல்லாமல் கமராவைத் தூக்காதீர்கள். பாதுகாப்பு விஷயம், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கடற்கரையில் மீனுக்குத் தாழ்ந்து வரும் செம்பருந்தைத் தொடர்ந்து எடுத்துப் பழகுங்கள். அதைப் பிடிக்கிற கைக்கு விமானம் மெதுவாகத் தெரியும். ஜெட்டுக்கு ஷட்டர் வேகம் 1/1000 வினாடி போதும். காற்றாடி விமானமென்றால் 1/200 அளவுக்கு இறக்குங்கள், இல்லாவிட்டால் காற்றாடி சுழலாமல் நிற்பது போல இருக்கும்.

இதைச் சொல்லாமல் விட மனமில்லை. அன்று எடுத்ததில் எனக்கு மிகப் பிடித்த படத்தை ஒரு முகநூல் பக்கம் எடுத்து, மூலையில் இருந்த என் பெயரை வெட்டி, தங்கள் சின்னத்தைப் போட்டு, போதாக்குறைக்கு விமானத்தின் பெயரையும் ஏ350 என்று பிழையாக எழுதிப் பரப்பியது. எழுதிக் கேட்டேன், பதிலே இல்லை. என் சொந்தக்காரர்களே அதை எனக்கு அனுப்பி 'நல்ல படம், பார்' என்றார்கள். ஒருவனுடைய உழைப்புக்கு ஒரு வரி பெயர் போடுவதில் என்ன நட்டம்? பெயரைப் படத்தின் நடுவிலேயே போடுங்கள், அழகு கெட்டாலும் பரவாயில்லை.

சரி, உங்கள் விஷயம். அன்று விமானம் நாலு மணித்தியாலத்துக்கு மேல் பறந்துவிட்டுத் திரும்பியது, ஆகவே இறங்கும்போது இரண்டாவது வாய்ப்பு இருக்கிறது. அதுவரை பக்கத்திலுள்ள ஏரோஸ்கோப்பியா அருங்காட்சியகத்தில் ஒலியை மிஞ்சிப் பறந்த பழைய கொன்கோர்ட் விமானங்கள் இரண்டைப் பார்க்கலாம். வானிலையாலோ வேறு கோளாறாலோ பரிசோதனைப் பறப்புகள் தள்ளிப் போவது சாதாரணம். லென்ஸுக்கு வைத்திருக்கும் காசில் இரண்டு மூன்று நாள் கூடுதலாகத் தங்க ஒழுங்கு செய்யுங்கள்.