வீட்டில் பிரேக் ஒயில், கூலன்ட் ஊற்றும்போது எங்கே பிழைக்கிறது?

"வெள்ளவத்தையில் இருக்கிறேன். கராஜுக்குப் போகாமல் காரின் ஒயில், கூலன்ட் எல்லாவற்றையும் நானே நிரப்பலாமா? எதில் பிழை விடுவார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக நிரப்பலாம், பிரேக் ஒயிலையும் சிவிடி (படிகள் இல்லாமல் மாறும் ஓட்டோ கியர்) ஒயிலையும் தவிர.

பிரேக் பேட் தேயத் தேய பிரேக் ஒயில் போத்தலில் மட்டம் தானாகவே இறங்கும். அதைக் கண்டு பதறி மேல்கோடு வரை ஊற்றினால், புதிய பேட் போடும் நாளில் பேட்டை அழுத்தும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும்போது மிகுதி ஒயில் வழிந்து பெயின்ட்டை அரித்துவிடும். மட்டம் கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருந்தால் பேட் தேய்ந்திருக்கிறது, இல்லையேல் எங்கோ கசிகிறது. இரண்டுக்குமே ஊற்றுவது மருந்தல்ல. பிரேக் ஒயிலில் டொட் 3, டொட் 4 வகைகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சுபவை. கொழும்புப் புழுக்கத்தில் மாதக்கணக்காகத் திறந்து கிடந்த அரை டின்னை ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

காலி வீதி நெரிசலில் ஊர்ந்து வந்த கையோடு, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) பார்க்க றேடியேற்றர் மூடியைத் திறப்பது அதைவிட மோசம். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பாயும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், உள்ளே உப்புப் படியும். பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட் கார்களில் இன்வேர்ட்டருக்கென (மின்மோட்டருக்கான மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் கருவி) தனிக் கூலன்ட் போத்தல் உண்டு. பலர் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

எஞ்சின் ஒயிலைச் சமதரையில், எஞ்சினை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து அளவுகோலில் பாருங்கள். சிறிது சிறிதாக ஊற்றுங்கள். அளவு மீறினால் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு அதை நுரையாக அடித்துவிடும். சிவிடி கியர் ஒயிலைக் கராஜுக்கே விட்டுவிடுங்கள். சாதாரண ஓட்டோ கியர் ஒயில் அதற்கு ஆகவே ஆகாது.